கால் வீக்கமும் உடல் எடையும்

கேள்வி: அம்மாவுக்கு வயது 54, உயரம் 155 செ.மீ., எடை 94 கிலோ. அடுத்த மாதம் கோவையில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. குண்டாக இருப்பவர்களுக்கு ரத்தம் உறையும் என்கிறார்களே, உண்மையா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: உண்மைதான். அம்மாவின் உடல் நிறை எண் (பிஎம்ஐ - உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் கணக்கு) 39. முப்பதைத் தாண்டினாலே கால் ஆழ்சிரைகளில் ரத்தம் கட்டும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. வயிற்றுக் கொழுப்பு இடுப்புச் சிரைகளை அழுத்துவதால் காலிலிருந்து ரத்தம் மெதுவாகத்தான் மேலேறும். போதாக்குறைக்கு, கொழுப்புத் திசு சுரக்கும் 'பிஏஐ-1' என்ற புரதம், உறைந்த கட்டி தானாகக் கரைவதைத் தடுக்கிறது.

மூட்டு அறுவைக்குப் பின் உறைவுத் தடுப்பு மருந்து குறைந்தது 10 முதல் 14 நாள், சிலருக்கு 35 நாள் வரை தேவைப்படும். எடைக்கு ஏற்ப அளவு மாறலாம். எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். ஹார்மோன் மாத்திரை எடுத்தால் அதையும் சொல்லுங்கள். அழுத்தக் காலுறையை அளந்து வாங்குங்கள். சிறியதானால் சுருண்டு கயிறுபோல இறுக்கும். மருத்துவர் அனுமதித்ததும் எழுந்து நடக்க வேண்டும்; படுக்கையிலும் பாதத்தை மேலும் கீழும் அசைக்கலாம். குளிரில் தாகம் தெரியாது, தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

வீடு திரும்பிய பின் ஒரு கெண்டைக்கால் மற்றதைவிட 3 செ.மீ.க்கு மேல் பருத்து, சூடாக வலித்தால் 'குளிருக்குப் பிடித்துக்கொண்டது' என்று தைலம் தேய்க்க வேண்டாம். அன்றே சிரையில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் உடனே 108.