டீச்சர் பதில்கள்: மறுகூட்டல் உண்டு

சமீபத்தில் பார்த்த படங்களுக்கு மார்க் போடுகிறேன் என்று போன இதழில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. முப்பத்திரண்டு வருஷம் கணக்குப் பேப்பர் திருத்தியவளிடம் சிவப்புப் பேனாவைக் கொடுத்தால் சும்மா இருப்பேனா? ‘சமீபம்’ என்பது என் கணக்கில் இரண்டு வருஷம் வரை போகும். தியேட்டரில் விட்டதையெல்லாம் ஓடிடியில்தான் பிடிக்கிறேன்.

‘லப்பர் பந்து’வுக்கு எவ்வளவு டீச்சர்? கிரிக்கெட் தெரியாதவர்களுக்குப் பிடிக்குமா? (வாசகர், பண்ருட்டி)

எனக்கு இன்றுவரை எல்பிடபிள்யூ என்றால் என்னவென்று விளங்கியதில்லை. ஆனாலும் 68 போட்டிருக்கிறேன். புருஷன் வேலையை விட்டுவிட்டு ஆடப் போய்விட்டான் என்று சுவாசிகா டிராக்டரை நேராக மைதானத்துக்குள் ஓட்டிவந்து பிட்சை உழுதுபோடுவாரே, அதற்கே பத்து மார்க். எண்பதுகளில் எங்கள் வீட்டுக்காரரின் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு அந்த வைத்தியம்தான் தேவைப்பட்டது. எங்களிடம் டிராக்டர் இல்லை.

தினேஷ் பேட்டோடு இறங்கும்போது வரும் ‘நீ பொட்டு வச்ச தங்கக் குடம்’, 1989இல் வந்த ‘பொன்மனச் செல்வன்’ பாட்டு. எங்கள் தெருப் பையன்கள் அது இந்தப் படத்துக்குப் போட்ட பாட்டு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். திருத்தப் போனேன், “போங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டார்கள்.

நல்ல படத்துக்குக்கூட 70ஐத் தாண்ட மாட்டேன் என்கிறீர்களே, கையில் இருந்தா கொடுக்கிறீர்கள்? (வாசகி, திருவாரூர்)

கணக்கு என்றால் விடை சரியாக வந்தால் நூற்றுக்கு நூறு. சினிமா தமிழ்ப் பேப்பர் மாதிரி. எங்கள் பள்ளியில் தமிழ் ஐயா கட்டுரைக்கு இருபதுக்குப் பதினான்குக்கு மேல் போட்டு நான் பார்த்ததில்லை. கேட்டால், “மிச்சம் ஆறு எனக்கு வேணும்மா” என்பார். ஆனந்த விகடனில் 1977இல் ‘16 வயதினிலே’க்குப் போட்ட மார்க்கே அறுபத்திரண்டரைதான். அதைத்தான் இத்தனை வருஷமாக எல்லோரும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்த அரை மார்க்கை நினைத்துப் பாருங்கள். போட்டவர் எவ்வளவு நேரம் யோசித்திருப்பார்!

‘மகாராஜா’வைக் குழந்தைகளோடு பார்க்கலாமா? (வாசகர், ஓசூர்)

வேண்டாம். அவர்களைத் தூங்கவைத்துவிட்டு நீங்கள் பாருங்கள். 66. லட்சுமி என்ற குப்பைத்தொட்டியைக் காணோம் என்று போலீஸில் புகார் கொடுக்கிறார் ஒருவர். அதற்கு மேல் யார் கதை சொல்ல வந்தாலும் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

‘கொட்டுக்காளி’யில் எல்லோரும் ஆட்டோவில் போகிறார்கள், போகிறார்கள், போய்க்கொண்டே இருக்கிறார்கள். முடிவும் இல்லை. இதைப் போய்ப் பாராட்டுகிறார்களே? (வாசகர், தேனி)

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, நானும் முதலில் 41தான் போட்டேன். எப்படிப் போட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். காலை பதினொரு மணிக்குச் சமையலறை வாசலில் உட்கார்ந்து, குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே பார்த்தேன். அந்தப் படத்தில் பின்னணி இசையே கிடையாது. அது தெரியாமல் ஸ்பீக்கர்தான் போய்விட்டதென்று ரிமோட்டை அமுக்கிக்கொண்டே இருந்தேன். நடுவில் மிக்ஸி வேறு.

பேரன்தான் திட்டினான். இரண்டு நாள் கழித்து, எல்லோரும் படுத்தபிறகு ராத்திரி பத்தரைக்கு மறுபடி போட்டேன். அப்போதுதான் காதில் விழுந்தது: ஆட்டோ இன்ஜின் உறுமல், சேவலின் சிறகடிப்பு, தொண்டையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு கரகரவென்று பேசும் சூரி, அப்புறம் அந்தப் பெண்ணின் மௌனம். அன்னா பென் கிட்டத்தட்டப் படம் முழுக்க வாயே திறக்கவில்லை. மற்றவர்கள் அத்தனை பேரும் அவரைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

ஒரு இடம் சொல்கிறேன். ஒரு மாடு வழியை மறித்துக்கொண்டு நிற்கும். வண்டியில் வந்த ஆம்பிளைகள் இத்தனை பேருக்கும் கிட்டே போகத் தைரியம் இல்லை. கடைசியில் ஒரு சின்னப் பெண் வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுவாள். சூரி பேசும் வீராப்பு வசனத்தையெல்லாம் அந்தக் குட்டி அரை நிமிஷத்தில் அடித்துவிட்டாள். படத்தில் நீங்கள் தேடிய முடிவு எனக்கு அங்கேயே கிடைத்துவிட்டது. மறுகூட்டலில் 65. வினோத்ராஜ் என்ற அந்த இயக்குநர்தான் இதற்கு முன் ‘கூழாங்கல்’ எடுத்து, 2021இல் ராட்டர்டாம் பட விழாவில் டைகர் விருது வாங்கியவர். நீங்களும் குக்கரை இறக்கிவைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் 41ஐ நீங்கள் வைத்துக்கொள்ளலாம்.

அதே நாளில் வந்த ‘வாழை’? (வாசகி, தூத்துக்குடி)

ஆமாம், இரண்டுமே 2024 ஆகஸ்ட் 23. அதில் அந்தப் பையனுக்குப் பூங்கொடி டீச்சர் மேல் எவ்வளவு பிரியம்! நானும் டீச்சர், எனக்கு எப்படிப் பாரபட்சம் இல்லாமல் மார்க் போட வரும்? லாரி வரும் கடைசிப் பகுதியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். 67.

‘டூரிஸ்ட் ஃபேமிலி’யில் எங்கள் பேச்சு சரியாக வந்திருக்கிறதா, உங்களுக்கு எப்படிக் கேட்டது? (வாசகி, யாழ்ப்பாணம்)

சரியா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், பேனாவை உங்களிடமே தருகிறேன். எனக்கு உறைத்தது வேறு. பேச்சு காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், கேரளாவிலிருந்து வந்திருக்கிறோம் என்று இலங்கையிலிருந்து வந்த அந்தக் குடும்பம் சொல்லிக்கொள்ளும். அக்கம்பக்கத்தில் அதை நம்பியும் விடுவார்கள். தியேட்டரே சிரித்தது. எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

மண்டபம் பக்கத்தில் நான் வேலைபார்த்த காலத்தில், இலங்கை அகதிகள் முகாமிலிருந்து ஒரு பெண் எட்டாம் வகுப்புக்கு வந்தாள். பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன். எழுந்து நின்று, “விளங்கேல்லை மிஸ்” என்றாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்கப்புறம் அந்த வருஷம் முழுக்க அவள் ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லை.

படத்துக்கு 63 போட்டேன். சில இடங்களில் ஊரே ரொம்ப நல்லவர்களாக மாறிவிடுகிறது, நிஜத்தில் எங்கள் தெருவில் அவ்வளவு சீக்கிரம் மாறமாட்டார்கள். அதற்காகக் குறைக்கப் போனவள், அந்தப் பெண் ஞாபகத்தில் குறைக்காமல் விட்டுவிட்டேன்.

பாதியில் ஏ.சி. நின்றுபோன தியேட்டரில் பார்த்த படத்துக்கு மார்க் போடலாமா? (வாசகர், கரூர்)

போடாதீர்கள். எனக்கும் அப்படி ஒரு மதியம் நடந்தது. விசிறிக்கொண்டே பார்த்த அந்தப் படத்துக்கு 30 போட்டு ஃபெயிலாக்கினேன். வீட்டில் ஃபேனுக்குக் கீழே பார்த்தபோது 52. தியேட்டருக்குத்தான் 30.

உங்கள் வீட்டுக்காரர் மார்க் போடுவாரா? (வாசகி, மன்னார்குடி)

அவர் போடுவது குறட்டை. எத்தனை நிமிஷம் தூங்கினார் என்று கணக்குப்பார்த்து நூற்றிலிருந்து கழித்துக்கொள்வேன். இதுவரை முழுசாக விழித்திருந்தது ‘மெய்யழக’னுக்கு மட்டும்தான். அதுவும் முதல் வாரமே போய்விட்டதால் மூன்று மணி நேரத்துக்கு மூன்று நிமிஷம்தான் குறைவு. அப்புறம்தான் பதினெட்டு நிமிஷம் வெட்டினார்களாம். எனக்கு நீளம் இடித்தது. கரிகாலன் கதைக்கு வந்ததும் கடிகாரத்தைப் பார்த்தேன், 64 போட்டேன். அவர் அசையவில்லை.

படம் நடக்கும் நீடாமங்கலம் எங்களுக்குப் பழகிய ஊர். ரயில்வே கேட்டில் காத்திருந்து காத்திருந்தே பாதி ஆயுசு போயிருக்கிறது. படத்தில் அரவிந்த்சாமிக்கு, தன்னை விழுந்து விழுந்து கவனிக்கும் கார்த்தி யாரென்றே தெரியாது. பெயரைக் கேட்கவும் கூச்சம். படம் முடிந்து பஸ்ஸில் வரும்போது எங்கள் வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. கும்பகோணம் வந்து இறங்கியதும், “நம்ம பெரியவ கல்யாணத்துல மூணு நாள் பந்தியில நின்னானே, நீடாமங்கலத்துப் பையன், அவன் பேரென்ன?” என்றார். எனக்கும் தெரியவில்லை.

ராத்திரி பரணிலிருந்து மொய் நோட்டை எடுத்துவிட்டார். தூசி தட்டி, நான் டார்ச் பிடிக்க, பக்கம் பக்கமாக விரலை ஓட்டினார். ஆறாவது பக்கத்தில் கிடைத்தது. எழுதியவர் என் தம்பி. அவன் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ‘நீடாமங்கலம் மாப்பிள்ளை, ரூ.101.’

தம்பிக்கு அப்போதே போன் போட்டோம். அவனுக்கும் ஞாபகம் இல்லை. நீடாமங்கலம் பக்கம் இதைப் படிக்கிறவர்கள் யாராவது, கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்தில் மூன்று நாள் பந்தி பரிமாறியிருந்தால், பத்திரிகை முகவரிக்கு ஒரு கார்டு போடுங்கள்.