ஊர் ஏக்கத்தைப் பற்றி நீங்கள் படித்ததில் மனதில் நின்ற நாவல் எது?

கொல்ம் டோபீன் எழுதிய 'புரூக்ளின்'. 2009-இல் வெளிவந்து, அந்த ஆண்டின் கோஸ்டா நாவல் விருதைப் பெற்றது.

கதை 1950களின் தொடக்கத்தில், அயர்லாந்தின் என்னிஸ்கார்த்தி என்ற சிற்றூரில் ஆரம்பிக்கிறது. டோபீன் பிறந்த ஊரும் அதுதான். நாயகி எய்லிஷ் கணக்குப்பதிவு படித்தவள். ஆனால் ஊரில் அவளுக்குக் கிடைப்பதோ ஒரு மளிகைக் கடையில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிற்கும் வேலை. அப்பா இல்லை. அண்ணன்கள் மூவரும் ஏற்கெனவே பிழைப்புக்காக இங்கிலாந்து போய்விட்டார்கள். 30 லட்சம் பேர்கூட இல்லாத அந்த நாட்டிலிருந்து அந்தப் பத்தாண்டில் மட்டும் சுமார் 4 லட்சம் பேர் வெளியேறினார்கள். ஆகவே இவள் கிளம்புவதும் அங்கே யாருக்கும் அதிசயமில்லை. அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் ஒரு பாதிரியாரும் அக்கா ரோஸும் பேசி ஏற்பாடு செய்கிறார்கள். 'உனக்குப் போக விருப்பமா?' என்று அவளிடம் யாரும் நேராகக் கேட்பதில்லை.

என்னை உலுக்கியது இந்த வாய்திறவாமைதான். எய்லிஷ் போய்விட்டால் அம்மாவோடு இருக்கப்போவது ரோஸ். அதாவது ரோஸுக்கு இனி கல்யாணம், தனிக்குடித்தனம் எதுவும் நடக்காது. தங்கைக்காக அவள் தன் வாழ்க்கையையே விட்டுக்கொடுக்கிறாள் என்பது மூன்று பெண்களுக்கும் தெரியும். ஆனால் பெட்டி கட்டுவதைப் பற்றியும் துணிமணிகளைப் பற்றியும்தான் பேசிக்கொள்கிறார்கள். வழியில் லிவர்பூலில் அண்ணன் ஜாக்கைப் பார்க்கிறாள். வந்த புதிதில் எப்படியாவது வீட்டுக்கு ஓடிவிட மாட்டோமா என்று தவித்ததை அவன் அப்போதுதான் சொல்கிறான். வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் அதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. 'சாப்பிட்டேன்மா, நல்லா இருக்கேன்' என்று தினமும் போனில் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் நான் இதைப் படித்தேன். அந்தப் பக்கத்தைத் தாண்டவே எனக்கு நேரம் பிடித்தது.

சரி, ஏக்கத்துக்கு வருவோம். மற்ற கதைகளில் கப்பல் ஏறியதுமே அழுகை வந்துவிடும். இதில் அப்படி இல்லை. கப்பலில் அவளுக்கு வாந்தியும் அவஸ்தையும்தான். பக்கத்து அறைக்காரர்கள் பொதுக் கழிப்பறையை உள்ளிருந்து பூட்டிவிட, இரவெல்லாம் படாத பாடு படுகிறாள். புரூக்ளினில் இறங்கிய பிறகு துணிக்கடை வேலை, ஐரிஷ் அம்மாள் ஒருத்தி நடத்தும் விடுதி என்று நாள்கள் ஓடுகின்றன. வீட்டிலிருந்து முதல் கடிதங்கள் வரும்போதுதான் எல்லாம் சரிகிறது. அவற்றில் பெரிதாகச் செய்தி ஒன்றுமில்லை. ஆனால் படித்து முடித்ததும், இந்த ஊரில் தன்னை அறிந்தவர் ஒருவரும் இல்லை, இந்த அறையில் தன்னுடையது என்று எதுவும் இல்லை என்று உறைக்கிறது. மறுநாள் கடையில் சிரித்த முகத்தோடு நிற்க முடியவில்லை. மேற்பார்வையாளர் கவனித்துவிடுகிறார். பாதிரியாருக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். அவர் தேறுதல் சொல்வதோடு நிற்காமல், புரூக்ளின் கல்லூரியில் கணக்கியல் மாலை வகுப்பில் சேர்த்துவிடுகிறார். ஏக்கத்துக்கு மருந்து வேலையும் படிப்புமாக வருவதை டோபீன் எந்த அலங்காரமும் இல்லாமல் எழுதியிருக்கிறார்.

அப்புறம் டோனி வருகிறான்: குழாய் வேலை பார்க்கும் இத்தாலியக் குடும்பத்துப் பையன். அவனைப் பற்றி அக்காவுக்கு மட்டும் எழுதுகிறாள், அதுவும் அம்மா கண்ணில் படாமலிருக்க அலுவலக முகவரிக்கு.

கடைசிப் பகுதியில் அவள் ஊர் திரும்ப வேண்டி வருகிறது. ஏன் என்று சொன்னால் படிக்கப் போகிறவர்களுக்குச் சுவை கெட்டுவிடும். ஆனால் இதை மட்டும் சொல்லிவிடுகிறேன்: என்னிஸ்கார்த்தியில் கால் வைத்த சில வாரங்களில் புரூக்ளின் வாழ்க்கை அவளுக்கு யாரோ வாழ்ந்ததுபோல் ஆகிவிடுகிறது. டோனியின் கடிதங்களைப் பிரிக்கக்கூட மனம் வரவில்லை. அவள் செய்வது எனக்குக் கோபத்தை மூட்டியது. ஆனாலும் அவளைக் குறை சொல்ல வாய் வரவில்லை. அவள் ஏங்கியது ஊருக்காக மட்டும்தானா என்ற சந்தேகத்தை அந்தப் பக்கங்கள் எனக்குள் கிளப்பிவிட்டன.

எளிய ஆங்கிலம்தான், அகராதி அதிகம் தேவைப்படாது. 2015-இல் சர்ஷா ரோனன் நடித்த படமும் நல்ல படம், ஆனால் நாவலை முதலில் படியுங்கள். தொடர்ச்சியாக 2024-இல் வந்த 'லாங் ஐலண்ட்' நாவலை அதற்கப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.