பிளஸ் டூ முடித்த என் தங்கைக்கு ஓவியம் நன்றாக வரும். பி.வோக் (தொழிற்கல்விப் பட்டம்) டிசைன் சேர்க்கலாமா? திருநெல்வேலிப் பக்கம் இதற்கு வேலை உண்டா?

சேர்க்கலாம். ஆனால் கல்லூரிக் கட்டடத்தைப் பார்க்காமல், பட்டறையைப் பார்த்துச் சேருங்கள். எனக்கு சேரன்மகாதேவி. இதே படிப்பை முடித்துவிட்டு இப்போது பெட்டி, லேபிள் டிசைன் செய்து பிழைக்கிறேன்.

பி.வோக், யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2014-ல் கொண்டுவந்த மூன்று வருடப் பட்டம். 60 சதவீதம் தொழில் பயிற்சி, 40 சதவீதம் பொதுப் பாடம். ஒரு வருடத்தோடு நின்றால் டிப்ளமோ, இரண்டோடு நின்றால் அட்வான்ஸ்டு டிப்ளமோ. வீட்டில் பணமுடை வந்து பாதியில் நிற்கிற பிள்ளைகளும் வெறுங்கையோடு போக வேண்டாம். சென்னை, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிகளில் உள்ள பி.எஃப்.ஏ. (கவின்கலைப் பட்டம்) வேறு, அது நான்கு வருடம். கேன்வாஸும் தூரிகையும்தான் உயிர் என்றால் தங்கையை அங்கே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

அந்த 60 சதவீதம் எங்கே கழிகிறது என்று சேரும் முன்பே கேளுங்கள். சில இடங்களில் கோரல்டிரா, ஃபோட்டோஷாப் மாதிரி டிசைன் சாஃப்ட்வேர் முன்னால் உட்கார்வதோடு சரி. அதற்கு யூடியூப் போதும், ஃபீஸ் மிச்சம். அச்சகத்தில் நின்றால்தான் சில விஷயங்கள் பிடிபடும். திரையில் பளீரென்று இருக்கும் பச்சை, நாலு கலர் பிளேட்டாகப் பிரிந்து தாளில் இறங்கும்போது மங்கிவிடும். வெட்டும் ஓரத்தைத் தாண்டி படத்தை 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடாவிட்டால் கட்டிங்கில் வெள்ளைக் கோடு தெரியும். இன்டெர்ன்ஷிப்பில் எனக்கு இதையெல்லாம் காட்டித் தந்தது சிவகாசியில் மெஷின் ஓட்டும் ஒரு அண்ணாச்சி. நெல்லையிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் அப்படி ஓர் ஊர் இருப்பது நமக்கு வாய்த்த வசதி.

அச்சுக்காக வரைவது இந்தப் பக்கத்துக்குப் புதுசும் இல்லை. சென்னை ஓவியப் பள்ளியில் படித்த கொண்டையராஜு கோவில்பட்டியில் தங்கி வரைந்த சாமி படங்கள்தான் காலண்டராக அச்சாகி வீடு வீடாகத் தொங்கின.

போர்ட்ஃபோலியோவில் (செய்த வேலைகளைக் காட்டும் தொகுப்பு) நெட்டில் பார்த்து வரைந்த அனிமே முகங்களை வைக்க வேண்டாம். நேர்காணல் செய்பவர்களுக்கு அவை சலித்துவிட்டன. பத்தமடைக்குப் போகச் சொல்லுங்கள். கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரை நெய்து தருவார்கள். கோரையும் நூலும் கட்டம் கட்டமாகத்தான் போகும், நம் எழுத்தோ ஒரே வளைவு. ‘ழ’வையும் ‘ண’வையும் கட்டம் போட்ட தாளில் படிக்கும்படி ஏற்றிப் பார்த்தால், எழுத்துரு வடிவமைப்பில் பாதி அங்கேயே புரிந்துவிடும். காருகுறிச்சி மண்பாண்டத்துக்கு உடையாமல் அனுப்ப ஒரு பெட்டி செய்து பார்க்கலாம். நானாக இருந்தால் அப்படிப்பட்ட இரண்டு வேலைகளைப் பார்த்தே ஆளை எடுத்துவிடுவேன்.

வேலை விஷயம்: டவுனிலும் ஜங்ஷனிலும் ஃப்ளெக்ஸ் கடை, கல்யாணப் பத்திரிகைக் கடையில் உடனே கிடைக்கும், சம்பளம் குறைவு. கை பழக ஒரு வருடம் இருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். அப்புறம் சிவகாசி பேக்கேஜிங், திருப்பூர் பனியன் கம்பெனிகளின் டிசைன் பிரிவு, சென்னை என்று பார்க்க வேண்டியதுதான்.

அப்பா நிச்சயம் கேட்பார், “கவர்மென்ட் பரீட்சை எழுத முடியுமா?” என்று. ஏதாவது ஒரு பட்டம் போதும் என்கிற தேர்வுகளுக்கு பி.வோக்கும் தகுதிதான் என்று யுஜிசி தெளிவுபடுத்தியிருக்கிறது. குறிப்பிட்ட பாடத்தில் பட்டம் கேட்கும் பதவி என்றால் அந்தந்த அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.