பாதிப் பேர் படிக்காமல் வரும் வாசிப்புக் குழுவுக்கு அடுத்த புத்தகம்

எழுநூறு பக்க நாவலை எடுத்தோம், பாதிப் பேர் படிக்காமல் வந்தார்கள், அடுத்து எதை எடுக்கலாம் என்று கேட்கிறீர்கள். அடுத்த மாதம் நாவல் வேண்டாம். ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையை எடுங்கள். கூட்டத்திலேயே ஒருவர் வாய்விட்டுப் படிக்கலாம், யாரும் வீட்டில் படித்துவிட்டு வரவேண்டிய அவசியமே இல்லை.

கெட்டுப்போனதாக ஊர் சொல்லக்கூடிய மகளின் தலையில் அம்மா தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, அம்மா செய்தது சரியா என்று கேளுங்கள். பேசாதவர்களும் பேசுவார்கள். அப்புறம் அவருடைய 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலுக்குப் போங்கள். அந்த அம்மா விஷயத்தை மறைக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் நாவல். 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கதையைப் பற்றிக் கூட்டத்தில் சண்டை போட்டவர்கள், அந்த மகள் (நாவலில் அவள் பெயர் கங்கா) என்ன ஆனாள் என்று பார்க்கவாவது அதைத் திறப்பார்கள்.

எழுநூறு பக்க நாவலை எடுத்ததால்தான் இப்படி ஆனது என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பரிந்துரைத்தவர் "அருமையான புத்தகம்" என்பதோடு விட்டிருப்பார். எதற்காகப் படிக்கிறோம் என்ற கேள்வி யார் கையிலும் இருந்திருக்காது.

ஒன்று செய்து பாருங்கள். எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள் என்று எல்லோரிடமும் கேளுங்கள். ஏறக்குறைய ஒரே இடம் என்றால் சிக்கல் புத்தகத்தில். ஆளுக்கொரு இடம் என்றால் நேரம் போதவில்லை, இரண்டு மாதம் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: கதையில் ஒரு கல்லூரிப் பெண்ணுக்குப் பாலியல் கொடுமை நடக்கிறது. அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வர விரும்பாதவரை வற்புறுத்த வேண்டாம்.