அறுபதைத் தாண்டியவர்களுக்கு நடைப்பயிற்சி மட்டும் போதுமா? வேறு எந்த உடற்பயிற்சி நல்லது?

போதாது. எனக்கு 66 வயது. இதை நான் தெரிந்துகொண்ட இடம் ஒரு கல்யாணப் பந்தி.

ஓய்வு பெற்றதிலிருந்து தினமும் காலையில் 5 கிலோமீட்டர் நடக்கிறேன். மழை என்றால் குடையோடு. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. மூன்று வருடங்களுக்கு முன் காரைக்குடிப் பக்கம் ஒரு கல்யாணம். பழைய வீடு, பாய் விரித்துத் தரையில் பந்தி. பாயசம் வரை ஒரு குறையும் இல்லை. இலையை மடித்துவிட்டு எழப் பார்த்தால் எழ வரவில்லை. வலது கை எச்சில், இடது கையை மட்டும் ஊன்றி இரண்டு தடவை எம்பிப் பார்த்தேன். கடைசியில் பரிமாறிக்கொண்டிருந்த பையன் வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைத் தூக்கிவிட்டான். "பார்த்து தாத்தா" என்று வேறு சொன்னான்.

முட்டி தேய்ந்துவிட்டது என்று பயந்துதான் மருத்துவரிடம் போனேன். முட்டியில் பெரிதாக ஒன்றும் இல்லை, தொடைத் தசைதான் வற்றிப் போயிருக்கிறது என்றார். முப்பதைத் தாண்டினால் பத்து வருடத்துக்குச் சுமார் 3 முதல் 8 சதவீதம் தசை குறையுமாம், அறுபதுக்கு மேல் அது இன்னும் வேகம் பிடிக்கும். சமதளத்தில் நடப்பது இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லதுதான். ஆனால் தொடைக்கு அதில் பெரிய பாரம் ஏறுவதில்லை. என் அம்மா ஒருநாள்கூட 'வாக்கிங்' போனதில்லை. எண்பது வயதில் அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்து காய் நறுக்கிவிட்டுக் கை ஊன்றாமல் எழுந்துவிடுவார். நாமோ டைனிங் டேபிள், வெஸ்டர்ன் டாய்லெட் என்று வந்து, தரைக்குப் போவதையே விட்டுவிட்டோம்.

அப்புறம் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த ஒரே பயிற்சியைப் பிடித்துக்கொண்டேன். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுவது. முதல் நாள் 6 தடவைதான் முடிந்தது, ஏழாவதில் தொப்பென்று விழுந்தேன். சூட்சுமம் இறங்குவதில் இருக்கிறது: மூன்று எண்ணியபடி மெதுவாக உட்கார வேண்டும். எழும்போது மூச்சை அடக்கக் கூடாது, ரத்த அழுத்தம் எகிறும். இப்போது 2 கிலோ அரிசிப் பையை அணைத்துக்கொண்டு 12 தடவை, மூன்று சுற்று, வாரத்தில் மூன்று நாள். பிள்ளையார் முன்னால் போடும் தோப்புக்கரணமும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்கிறது. இதயக் கோளாறோ மூட்டு அறுவை சிகிச்சையோ இருந்தால் மட்டும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

"இந்த வயதில் தசையாவது வளர்வதாவது" என்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவின் பாஸ்டனில் முதியோர் இல்லவாசிகள் 10 பேருக்கு, சராசரி வயது 90, எட்டு வாரம் காலுக்குப் பாரப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் தொடை பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. 1990இல் வெளியான ஆய்வு இது.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கும் இதை ஒட்டியதுதான். 65 வயதுக்கு மேல் வாரம் குறைந்தது 150 நிமிடம் ஓரளவு வேகமான நடை மாதிரி ஏதாவது, 2 நாளாவது தசைப் பயிற்சி, 3 நாளாவது சமநிலையும் பலமும் சேர்ந்த பயிற்சி. இந்தச் சமநிலையைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். நான் பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்கிறேன், வாஷ்பேசின் கைக்கெட்டும் தூரத்தில். இடது காலில் 20 வினாடி நிற்க முடிகிறது, வலது காலில் 11ஐத் தாண்டவில்லை. வீட்டில் எனக்குக் கொக்கு என்று பெயர்.

சரி, பந்தி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். இப்போது இடது கையை ஒரு தடவை ஊன்றினால் எழுந்துவிடுகிறேன். கையே ஊன்றாமல் இன்னும் வரவில்லை.