எம்.ஆர்.ஐ.யில் ‘கிரேடு 2’ என்றால் ஜவ்வு கிழிந்துவிட்டதா?

கேள்வி: வயது 47. மூன்று மாதமாகப் படி இறங்கும்போது வலது முழங்காலின் உட்பக்கம் வலிக்கிறது. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் ‘மீடியல் மெனிஸ்கஸ், போஸ்டீரியர் ஹார்ன், கிரேடு 2 சிக்னல்’ என்று இருக்கிறது. ஜவ்வு கிழிந்திருக்கிறது, ஆபரேஷன்தான் என்கிறார்கள் தெரிந்தவர்கள். அப்படியா?

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் அந்த வரிப்படி, கிழியவில்லை.

இந்த ‘ஜவ்வு’ என்ற சொல்லே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நாரான லிகமென்டையும் ஜவ்வு என்கிறோம், மெனிஸ்கஸையும் ஜவ்வு என்கிறோம். உங்கள் ரிப்போர்ட் சொல்வது மெனிஸ்கஸை. தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவில், உட்பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றுமாகப் பிறை வடிவில் இருக்கும் குருத்தெலும்பு மெத்தை அது. மீடியல் என்றால் உட்பக்கம், போஸ்டீரியர் ஹார்ன் என்பது பிறையின் பின்பகுதி.

பக்கவாட்டுப் படத்தில் அந்தப் பின்பகுதி கன்னங்கரேலென்று சின்ன முக்கோணமாகத் தெரியும். உள்ளே தெரியும் வெளுப்பைத்தான் ‘சிக்னல்’ என்கிறார்கள். அது ஒரு திட்டாக இருந்தால் கிரேடு 1. கோடாக ஓடி, ஆனால் ஓரத்தைத் தொடாமல் நின்றுவிட்டால் கிரேடு 2. இரண்டும் பெரும்பாலும் உள்ளுக்குள் நடக்கும் தேய்மானம்தான். மேல்பரப்பையோ கீழ்ப்பரப்பையோ கோடு தொட்டால்தான் கிரேடு 3, அதாவது கிழிசல். அதுவும் எம்.ஆர்.ஐ. அடுக்கடுக்காக எடுக்கும் படங்களில் ஒரே ஒரு படத்தில் தொட்டால் உறுதியாகச் சொல்ல மாட்டோம், குறைந்தது இரண்டு படங்களில் தெரிய வேண்டும். வெளிப்பக்க மெனிஸ்கஸை ஒட்டிப் போகும் பாப்ளிட்டியஸ் தசைநாண், கிழிசல் மாதிரியே காட்டி ஏமாற்றும்.

சரி, கிரேடு 3 என்றே வந்திருந்தால்? அப்போதும் கத்தி உடனே தேவைப்படாது. 50 வயதுக்கு மேற்பட்ட 991 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்து 2008இல் வெளியான ஆய்வில், கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய மாதம் முழங்கால் வலியே இல்லை. 2013இல் ஃபின்லாந்தில், தேய்மானத்தால் கிழிந்த 146 பேரில் ஒரு பாதிக்கு மெனிஸ்கஸைச் சீவினார்கள். மறுபாதிக்குச் சீவுவதுபோல் பாவனை மட்டும். ஓராண்டு கழித்து இரு தரப்புக்கும் வலியில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

மடக்கிய காலை நீட்டவே முடியாமல் மாட்டிக்கொண்டாலோ, ரிப்போர்ட்டில் ‘பக்கெட் ஹேண்டில்’ (கிழிந்த பகுதி வாளிக் கைப்பிடிபோல் விலகி நிற்பது), ‘ரூட் டேர்’ (மெனிஸ்கஸ் எலும்பில் பதியும் வேர் கிழிவது) என்று இருந்தாலோ கதை வேறு. தள்ளிப்போடாமல் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

உங்களுக்கு இப்போது வேண்டியது ஒரு சின்னப் பரிசோதனை. முழங்காலை மடக்கி, சில்லுக்குக் கீழே உட்பக்கம் கட்டைவிரலை வையுங்கள். இரண்டு எலும்புக்கும் இடையே ஒரு பள்ளம் தட்டுப்படும். அதை ஒட்டியே பின்னோக்கி அழுத்திக்கொண்டு போங்கள். பின்பகுதியில் சுரீரென்றால் மெனிஸ்கஸைச் சந்தேகிக்கலாம். அங்கே ஒன்றும் இல்லை, சில்லைச் சுற்றித்தான் வலி என்றால், படி இறங்கும்போது வரும் வலிக்குச் சில்லே காரணமாக இருக்கக்கூடும். எதுவானாலும் தொடைத் தசையைப் பலப்படுத்தும் பிசியோதெரபியை மூன்று மாதம் ஒழுங்காகச் செய்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். போகும்போது ரிப்போர்ட்டோடு படங்களையும் எடுத்துப் போங்கள். வலிக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டுங்கள்.