‘மாட்டிப் பார்த்துவிட்டீர்கள், திருப்பி எடுக்க மாட்டோம்’

கேள்வி: கிளப்பில் 25 மீட்டர் தூரத்தில் அட்டைக் குறிகளைச் சுடுவது என் பொழுதுபோக்கு. என்னிடம் இருப்பது ஸ்பிரிங் ஏர் ரைஃபிள். அதற்காக விலை குறைந்த 3-9×40 ஸ்கோப் (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், 40 மி.மீ. முன்கண்ணாடி கொண்ட குறிபார்க்கும் தொலைநோக்கி) ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். விளம்பரத்தில் ‘ஏர் ரைஃபிளுக்கு ஏற்றது, அதிர்வைத் தாங்கும், ஆயுட்கால வாரண்டி’ என்று போட்டிருந்தார்கள். ஜீரோ செய்து, அதாவது குறிபார்த்த இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்து, ஐம்பது, அறுபது பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு) சுட்டதும் குறி விலகிவிடுகிறது. விற்றவரிடம் கேட்டால், “மவுண்டை, ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடித்து வைக்கும் அந்தப் பிடியை, நீங்கள் சரியாக மாட்டவில்லை. மாட்டிய பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம். வேண்டுமானால் துப்பாக்கியையும் சேர்த்து அனுப்புங்கள், பார்க்கிறோம்” என்கிறார். “மலிவாக வாங்கினால் இப்படித்தான்” என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். பணத்தைத் திரும்பக் கேட்க எனக்கு உரிமை உண்டா? மலிவு ஸ்கோப் வாங்கியதே என் தவறா?

பதில்: உரிமை உண்டு. ஆனால் அந்த உரிமையை நிலைநாட்ட நீங்கள் கொஞ்சம் வேலை செய்ய வேண்டும்.

முதலில் நண்பர்கள் சொன்னதைப் பார்ப்போம். விலை குறைவு என்பதால் சட்டம் விற்றவரை விட்டுவிடாது. 1893-ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சரக்கு விற்பனைச் சட்டத்தை ஒட்டி உருவான சட்டங்கள் பல நாடுகளில் இன்றும் இருக்கின்றன. பொருள் வர்ணனைக்குப் பொருந்த வேண்டும், வாங்குபவர் சொன்ன பயன்பாட்டுக்கு உதவ வேண்டும் என்று அவை எதிர்பார்க்கின்றன. தரத்தை எடைபோடும்போது விலையும் கணக்கில் வரும், உண்மைதான். விலை உயர்ந்த ஸ்கோப்பின் தெளிவு இதில் இல்லை, ஓரங்கள் மங்கலாகத் தெரிகின்றன என்று நீங்கள் வழக்குப் போட வந்திருந்தால் உங்களைத் திருப்பி அனுப்பியிருப்பேன். ஆனால் ‘ஏர் ரைஃபிளுக்கு ஏற்றது’ என்பது அவர்களே எழுதிய வாசகம். எழுதிக் கொடுத்த வாக்குக்குத் தள்ளுபடி கிடையாது.

அந்த ஒரு வரிதான் உங்கள் வழக்கின் உயிர். சாதாரணத் துப்பாக்கி சுடும்போது பின்னால் மட்டும் உதைக்கும். ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் உள்ளே இருக்கும் கனமான பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் போகிறது. பிஸ்டன் போய் நின்றதும் துப்பாக்கி முன்னால் வெடுக்கென்று இழுக்கப்படுகிறது. இந்த இரட்டை உதைப்பில், பின்னோக்கிய உதைப்பை மட்டும் எண்ணிச் செய்த ஸ்கோப்பின் உள்பாகங்கள் ஆட்டம் கண்டுவிடலாம். வேட்டைத் துப்பாக்கிக்கென்று செய்த விலை உயர்ந்த ஸ்கோப்கள்கூட இதில் உடைந்ததுண்டு. ஆக, இங்கே கேள்வி மலிவா, விலை அதிகமா என்பதில்லை. இந்த வகைத் துப்பாக்கிக்கு என்று சொல்லி விற்றார்களா என்பதுதான். சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள். அந்த விளம்பரப் பக்கத்தை இன்றே படமெடுத்து வையுங்கள். நாளைக்கு அந்த வரி அங்கே இல்லாமல் போகலாம்.

சரி, ‘மாட்டியதைத் திருப்பி எடுக்க மாட்டோம்’ என்ற நிபந்தனை? மனம் மாறித் திருப்பித் தருபவருக்கு அது பொருந்தலாம். மாட்டிச் சுடாமல் ஸ்கோப்பின் குறையைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஆகவே குறையுள்ள பொருளுக்கு அதைக் கவசமாகப் பிடிப்பதைப் பல நாடுகளின் நுகர்வோர் சட்டங்கள் ஏற்பதில்லை.

விற்றவர் நிற்கக்கூடிய ஒரே நல்ல இடம் ‘நீங்கள் சரியாக மாட்டவில்லை’ என்பதுதான். அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பல நேரம் அது உண்மையாகவே இருக்கும். ஸ்பிரிங் ரைஃபிளில் துப்பாக்கிக் கட்டையின் திருகுகள் தளரும். மவுண்ட், துப்பாக்கியின் மேல் அது மாட்டப்படும் தண்டவாளத்தில் மெல்லப் பின்னால் நகரும். பெல்லட் மாறினாலும் குறி மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பொருள் கைக்கு வந்து ஓராண்டுக்குள் தெரியவரும் குறை ஆரம்பத்திலேயே இருந்தது என்று கொள்ளப்படும், இல்லை என்று காட்ட வேண்டியது விற்றவர். பிரிட்டனில் இதுவே ஆறு மாதம். இப்படிச் சலுகை இல்லாத இடத்தில் நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில்.

அதனால் இதைச் செய்யுங்கள். எல்லாத் திருகுகளையும் சரிபார்த்து இறுக்குங்கள், ஆனால் ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் ரிங்கை நெரித்துவிடாதீர்கள். ஸ்கோப்பின் குழாய் நசுங்கினால் பழி உங்கள் மேல்தான். மவுண்டின் பின் விளிம்பை ஒட்டிப் பென்சிலால் கோடு போட்டுப் படமெடுங்கள். ஒரே வகை பெல்லட்டால் சுட்டு, ஒவ்வோர் அட்டையிலும் தேதி எழுதுங்கள். அப்புறம் அதே துப்பாக்கியில், அதே மவுண்டில், நன்றாக வேலை செய்யும் வேறொரு ஏர் ரைஃபிள் ஸ்கோப்பை மாட்டி அதே எண்ணிக்கை சுடுங்கள். அதில் குறி நின்று இதில் ஓடினால், குற்றவாளி யாரென்று அட்டைகளே சொல்லும். டரெட்டையும், அதாவது ஸ்கோப்பில் குறியை மேல் கீழாகவும் இட வலமாகவும் ‘கிளிக்’ ‘கிளிக்’ என்று நகர்த்தும் திருகுகளையும் சோதிக்கலாம். மேலே இருபது கிளிக், வலமாக இருபது, கீழே இருபது, இடமாக இருபது என்று ஒவ்வொரு திருப்பத்துக்கும் சுட்டால் அட்டையில் சதுரம் விழ வேண்டும், கடைசிச் சுடு புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும். கால் எம்ஓஏ (எம்ஓஏ என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக் கோணம்) கிளிக் 25 மீட்டரில் 2 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே நகர்த்தும் என்பதை நினைவில் வைத்து அளந்து பாருங்கள். கிளப் பயிற்சியாளர் முன்னிலையில் செய்து கையெழுத்து வாங்கினால் இன்னும் நல்லது.

சோதனை முடிந்ததும் ஸ்கோப்பைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுங்கள். குறை தெரிந்த பிறகும் மாதக்கணக்கில் பயன்படுத்தினால் பொருளை ஏற்றுக்கொண்டதாக வாதிட இடம் கொடுக்கிறீர்கள். அதைத் திறந்து பார்க்கவும் வேண்டாம். உள்ளே நைட்ரஜன் அடைத்த ஸ்கோப்பாக இருந்தால் அது வெளியேறிவிடும், வாரண்டியும் அதோடு போகும்.

‘ஆயுட்கால வாரண்டி’யை நான் பெரிதாக மதிப்பதில்லை. யாருடைய ஆயுள் என்று சிறிய எழுத்தில் பாருங்கள். முதலில் வாங்கியவருக்கு மட்டும், பதிவு செய்திருந்தால் மட்டும், அனுப்பும் செலவு உங்களுடையது என்றெல்லாம் இருக்கும். வெளிநாட்டுத் தயாரிப்பாளருக்கு அனுப்பும் செலவு ஸ்கோப்பின் விலையையே தாண்டலாம். நீங்கள் கேட்க வேண்டியது தயாரிப்பாளரிடம் இல்லை, உங்களிடம் பணம் வாங்கிய விற்பனையாளரிடம். வாங்கிய நாள், விளம்பர வாசகம், சோதனை முடிவு, பணம் அல்லது மாற்றுப் பொருள் வேண்டும் என்ற கோரிக்கை, 15 நாள் கெடு, இவை மட்டும் உள்ள ஒரு பக்கக் கடிதம் போதும். கோபத்தைக் கடிதத்தில் கொட்ட வேண்டாம். பதில் இல்லையென்றால் நுகர்வோர் ஆணையம் அல்லது சிறு கோரிக்கை நீதிமன்றம். இந்தத் தொகைக்கு வக்கீல் வைத்தால் என்னைப் போன்ற வக்கீலுக்குத்தான் லாபம்.

மலிவு ஸ்கோப் வாங்கலாமா என்பதற்கு என் பதில்: உதைப்பு அநேகமாக இல்லாத பிசிபி ரைஃபிளுக்கும் (முன்கூட்டியே அழுத்தி அடைத்த காற்றால் சுடுவது), உதைப்பு குறைந்த .22 ரிம்ஃபயர் எனும் சிறு தோட்டாத் துப்பாக்கிக்கும், அம்சங்கள் குறைந்த எளிய ஸ்கோப் என்றால் வாங்கலாம். ஸ்பிரிங் ரைஃபிளுக்கும் பெரிய உதைப்புள்ள துப்பாக்கிக்கும், உங்கள் துப்பாக்கியின் வகையைக் குறிப்பிட்டுக் கேட்டு, ‘தாங்கும்’ என்று எழுத்தில் பதில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். 24 மடங்கு பெரிதாக்கம், உள்ளே ஒளிரும் குறிக்கோடு, லேசர், எல்லாம் இந்த விலையில் என்றால் ஏதோ ஒன்றில் கை வைத்திருக்கிறார்கள். பிரபல பிராண்ட் பெயர் அடிமாட்டு விலைக்கு வந்தால் அது போலியாக இருக்கலாம். அதைத் தெரிந்தே இன்னொருவருக்கு விற்றால் வழக்கு உங்கள் மேல் வரும்.

கடைசியாக, துப்பாக்கியையும் சேர்த்து அனுப்பச் சொன்னாரே, அதைச் செய்யாதீர்கள். ஏர் ரைஃபிளானாலும் கூரியரில் அனுப்புவதற்கும், அடுத்தவர் கையில் கொடுப்பதற்கும் பல இடங்களில் தனி விதிகள் உண்டு. மீறினால் நீங்கள் வாதியாக இருக்கும் இந்தச் சின்ன வழக்கு, நீங்கள் குற்றவாளிக் கூண்டில் நிற்கும் வேறொரு வழக்காகிவிடும். ஸ்கோப்பை மட்டும், சீரியல் எண் தெரியும்படி படமெடுத்து, ஒப்புகை வரும் தபாலில் அனுப்புங்கள். ரைஃபிளைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் அவர் கிளப்புக்கு வரட்டும்.